உத்தரவாதம் கிடையாது, அம்மாவின் நம்பர் உண்டு

காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு என் கைப்பேசி அடித்தது. எட்டு நாற்பது வரை எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

சனிக்கிழமை. அலுவலகம் கிடையாது. இட்லிப் பானையிலிருந்து தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போய், யார் அழைக்கிறார்கள் என்று பார்க்காமலேயே எடுத்துக் காதில் வைத்தேன்.

"அம்மா, வணக்கம்மா. கட்டம் சாப்ட்வேர் ஆபீஸ்தானே?"

"இது வீடு," என்றேன்.

"சரிம்மா. வீடாவே இருக்கட்டும். என் பேரு தேவராஜ். ஆரணி பக்கத்துல இருந்து பேசறேன். தறி வெச்சிருக்கேன். உங்க சாப்ட்வேர்ல போட்டுத்தான் என் பொண்ணு கல்யாணச் சேலைக்கு முந்தி நெய்தேன். பொண்ணு பேரு, மாப்ள பேரு, ரெண்டையும் ஜரிகைல எழுத்தாவே எடுத்தேன். எல்லாம் திரும்பிக்கிச்சிம்மா."

"திரும்பிக்கிச்சின்னா?"

"கண்ணாடில பாத்தா எப்டி இருக்கும், அப்டி இருக்குது. இடது வலமா. ஒருத்தருக்கும் படிக்க வரல."

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். சாயங்காலம் மழை வருமா என்று கேட்கிற குரலில் பேசினார். என் அனுபவத்தில் இப்படி நிதானமாகப் பேசுகிறவர்கள்தான் கடைசியில் வக்கீலோடு வருவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "சார், நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை செய்றவ. எதுக்கு யார் பொறுப்பு, எதுக்கு யாருமே பொறுப்பில்ல, எல்லா ரூல்ஸும் எனக்குத் தெரியும்."

"அப்டியாம்மா? ரொம்ப நல்லதாப் போச்சி," என்றார் அவர், உண்மையிலேயே நிம்மதி அடைந்தவர்போல. "சேலைய எடுத்துக்கினு நேர்லயே வர்றேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம்தானே? வந்து விசாரிச்சிக்கறேன். வீட்லயே இருங்க."

வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன். அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் மொழி மாற்றி மொழி மாற்றிச் சொன்னாள். எந்த மொழியிலும் எனக்கு ஆறுதலாக இல்லை.

கட்டம் சரியில்லை

இந்தத் தொடரை விடாமல் படிக்கும் சிலருக்கு நான் கவலைப்படுவதில் தேர்ந்தவள் என்பது ஏற்கெனவே தெரியும். தீ, வெள்ளம், மாரடைப்பு, மாடு குறுக்கே வந்தது: இவற்றின் நடுவில்தான் என் உத்தியோகம் நடக்கிறது. எந்தக் கூரையைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் விழும் என்றுதான் முதலில் தோன்றும்.

இப்படிப்பட்ட எனக்கு, உலகத்துக்கு நன்மை செய்யக் கிளம்பிய ஒரு பெண் பிறந்திருக்கிறாள். பவித்ரா. பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்திருந்தாள்.

அவள் அப்பா, அதாவது என் வீட்டுக்காரர், வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். சேலையில் ஒரு மயிலையோ எழுத்தையோ கொண்டுவர வேண்டுமானால், அதை முதலில் கட்டம் போட்ட தாளில், இழைக்கு ஒரு கட்டமாக நிரப்ப வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளை குத்துவார்கள். அட்டைகளைத் தறியின் தலைமேல் ஏற்றினால், எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்று துளைகள் சொல்லும். தாளில் கட்டம் நிரப்பித் தரும் கம்ப்யூட்டர் மென்பொருள்கள் கடையில் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டால் தறியை விற்றுத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே பவித்ரா ஒன்று எழுதினாள். படத்தைக் கொடுத்தால் கட்டம் வரும். பெயரும் 'கட்டம்'. யாருடைய கட்டம் சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுதியதோடு நின்றிருந்தால் நான் பெருமைப்பட்டுக்கொண்டு தூங்கியிருப்பேன். அதை இணையத்தில் போட்டுவிட்டாள். யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம், யாரும் யாருக்கும் கொடுக்கலாம். இலவசம்.

இதன் அழகு புரிய வேண்டுமானால் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன் தறிமேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடுவார்கள். பார்டரை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், வந்தவர் வீட்டுத் தறியில் அது ஏறிவிடும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். அண்ணன் வந்தால் தம்பி மூடுவார். என் கல்யாணமான புதிதில் நான் உள்ளே நுழைந்தாலே என் வீட்டுக்காரர் மூடுவார். அந்த வீட்டில் பிறந்தவள்தான் மொத்தத்தையும் உலகத்துக்குத் திறந்து வைத்தாள்.

போனை வைத்துவிட்டு அவளை எழுப்பினேன். விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "அதுல எழுதியிருக்கேன்மா," என்றாள்.

"என்னன்னு?"

"எந்த உத்தரவாதமும் கிடையாது, எந்த நஷ்டத்துக்கும் நாங்க பொறுப்பில்லன்னு. எல்லாரும் அப்டித்தான் போடுவாங்க."

உத்தரவாதத்தை வைத்தே சோறு சாப்பிடும் குடும்பத்தில் இப்படி ஒரு வாசகம். "சரி, அந்த ஆளுக்கு என் நம்பர் எப்டிடி கிடைச்சிது?"

இப்போது கண்ணைத் திறந்தாள். "உதவிக்கு அழைக்கன்னு ஒரு நம்பர் போடணும்மா. என் நம்பர நெட்ல எங்கயும் போடக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா."

"அதான் உன் நம்பரப் போட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு

பெற்றவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் நினைக்கிறாள். அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நானும் இப்படி எழுதி இலவசமாகப் பகிர்கிற கூட்டத்தில் இருந்தவள்தான்.

காந்தி ரோட்டில் ஒரு பாத்திரக் கடை மாடியில் அப்போது கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கோயிலுக்குப் போவதுபோல வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே குளிர்சாதனம். அது எங்களுக்கானது என்று நினைத்து முதல் நாள் சந்தோஷப்பட்டேன். கம்ப்யூட்டருக்காம். எங்களை வெளியே அனுப்பிய பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஆயுத பூஜையன்று திரையில் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பொங்கல் வரை அந்த இடத்தில் எழுத்து தெரியவில்லை.

அந்தக் காலத்தில் மென்பொருளைப் பகிர்வது என்றால் பத்திரிகையில் அச்சடித்துக் கொடுப்பது. பக்கம் பக்கமாக எண்ணும் எழுத்தும் வரும். தோழி லலிதா வாசிப்பாள், நான் தட்டுவேன். "கால் புள்ளி. இல்ல, இரு, ஈ உக்காந்திருக்குது. ஒண்ணுமில்ல." நான்கு பக்கத்தைத் தட்டி முடித்து ஓட விட்டால் ஓடாது. எங்கே தப்பு என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு ஒரு மாதம் போகும். அடுத்த இதழின் மூலையில், கடுகு அளவு எழுத்தில், ஒரு வரி விடுபட்டதற்கு வருந்துகிறோம் என்று இருக்கும். அவர்களும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் யாரும் சேலையோடு பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு பிளாப்பி வந்தது. கறுப்பு அட்டை போல, வளைந்தால் உயிரை விட்டுவிடும். என் முதல் பிளாப்பியை டிபன் பாக்ஸோடு ஒரே பையில் வைத்தேன். அதில் கடைசிவரை வத்தக்குழம்பு வாசனை இருந்தது. குழம்பு ஏறிய பக்கம் மட்டும் படிக்காது.

அந்த நாளில் நான் ஒரு புரோகிராம் எழுதினேன். தேதியைக் கொடுத்தால் ராகு காலம், எமகண்டம், தறியில் புதுப் பாவு நூல் பூட்ட நல்ல நேரம் எல்லாம் சொல்லும். லலிதாவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவள் அண்ணனுக்குக் கொடுத்தாள். அண்ணன் யாருக்கோ. அடுத்த வருடம் வேலூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "நல்ல சாப்ட்வேர் ஒண்ணு இருக்குது, வேணுமா பாரு," என்று ஒரு பிளாப்பி தந்தார். போட்டுப் பார்த்தால் என்னுடையது. ஆனால் உருவாக்கியவர் என்று வேறு யாரோ ஒரு ஆண் பெயர். கூடவே திரையில் ஒரு சின்னப் பந்து, சுவருக்குச் சுவர் துள்ளிக்கொண்டிருந்தது. வைரஸ். பெயரும் பந்தும் வழியில் யாரோ அன்போடு சேர்த்தவை, இரண்டுமே இலவசமாக.

ஒரு அஞ்சல் அட்டை போதும்

அதற்கப்புறம் பத்திரிகைகளோடு குறுந்தகடு வந்தது. பத்திரிகையைப் படிக்காமல் தகட்டை மட்டும் உருவிக்கொண்டு போகிறார்கள் என்று கடைக்காரர் அதைக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினார்.

தமிழில் தட்டுவதற்கு அப்போது ஊருக்கொருவர் எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். தாராள மனசு. ஒரே சிக்கல், ஒருவர் எழுத்துருவில் எழுதியதை மற்றவர் எழுத்துருவில் திறந்தால் டாலர் குறியும் கேள்விக்குறியுமாக வரும். வெளிநாட்டிலிருந்த என் சித்தப்பா மகன் தனக்குக் குழந்தை பிறந்த செய்தியைத் தமிழில் எழுதி அனுப்பினான். அது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க இரண்டு தகடுகளைத் தேடி ஏற்ற வேண்டியிருந்தது.

அப்படி ஒரு எழுத்துருவோடு வந்த குறிப்பில், பணம் வேண்டாம், பிடித்திருந்தால் உங்கள் ஊர்ப் படம் போட்ட அஞ்சல் அட்டை ஒன்று அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. கோலாலம்பூரில் யாரோ ஒருவர். நான் கைலாசநாதர் கோயில் படம் போட்டு அனுப்பினேன். அவரிடமிருந்தும் ஒரு அட்டை வந்தது. மழையில் நனைந்து மை பரவியிருந்தது. மிக்க நன்றி என்பது மட்டும் படிக்க முடிந்தது. அது இன்னும் என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. புடவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

இதைச் சொல்லக் காரணம், இப்படிப்பட்ட நல்லவர்களின் உலகம் எனக்குத் தெரியாதது அல்ல என்பதற்காக. என் பெண் அதில் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாடா நெய்கிறவர் சொன்னது

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

என் வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து வந்து முழு விவரத்தையும் கேட்டார். நான் நஷ்ட ஈடு, போலீஸ், கல்லூரிக்குப் புகார் என்று வரிசையாகச் சொல்லி முடித்ததும் யோசித்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரா? அரிசி ஒரு ஆழாக்கு கூடப் போடு," என்றார்.

பவித்ரா இதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். இரண்டு இட்லியைத் தொடாமல் ஆறவிட்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

இதற்கு என்ன அர்த்தம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள். எங்கோ குளிர் நாட்டில், வீட்டில் பொழுதுபோக்காக நாடா நெய்யும் ஒருவர் அவளுடைய 'கட்டத்தை' எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். சில மாதங்களுக்கு முன்பே அவளுக்கு எழுதியும் இருக்கிறார். சில தறிகளில் துணியின் முகம், அதாவது வெளியே தெரிய வேண்டிய பக்கம், மேலே பார்த்திருக்கும், சில தறிகளில் முகம் கீழே இருக்கும், முதுகைப் பார்த்துத்தான் நெய்வோம், உன் மென்பொருள் எல்லாருக்கும் முகம் மேலே என்று நினைத்துக்கொள்கிறது, என்று. திருத்தவும் சில வரிகள் எழுதி அனுப்பியிருக்கிறார்.

எங்கள் வீட்டுத் தறியில் முகம் மேலே. பவித்ரா பிறந்ததிலிருந்து பார்த்த தறி அது ஒன்றுதான். உலகத்தில் எல்லாத் தறியும் அவள் அப்பா தறி மாதிரியே இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். பூவும் மாங்காயும் நெய்தவரை யாருக்கும் தெரியவில்லை. பூவைத் திருப்பினாலும் பூதான். எழுத்து அப்படி இல்லை.

"நீ அவருக்கு என்ன பதில் போட்ட?"

"ரொம்ப நன்றி, செமஸ்டர் முடிஞ்சதும் பாக்கறேன்னு."

"செமஸ்டர் முடிஞ்சி எத்தன நாளாச்சி?"

விடுமுறைக்கு வந்ததிலிருந்து அவள் பார்த்த தொடர்களின் கதை எனக்கே மனப்பாடம்.

"எடு அத," என்றேன்.

"எத?"

"நெட்ல இருந்து. அந்த ஆளு வர்றதுக்குள்ள. அவரு வந்து போன்ல தேடிக் காட்டினா அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

"சாட்சிய அழிக்கச் சொல்றியாம்மா?"

"நான் சாட்சின்னு சொல்லல. கட்டம்னு சொன்னேன்."

"அம்மா, நான் எடுத்துட்டா, ஏற்கெனவே எடுத்துக்கினு போனவங்ககிட்ட இருந்து போயிடுமா? எத்தன பேரு வெச்சிருக்காங்கன்னே தெரியாது. அவங்க தப்பாவே நெய்துக்கினு இருப்பாங்க. சரி பண்ணி அதே எடத்துல போட்டாத்தான் அவங்களுக்குத் தெரியும்."

"அவங்களுக்காகக் கவலப்பட அவங்கவங்க அம்மா இருப்பாங்க. நான் உனக்கு மட்டுந்தான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோலாலம்பூர்க்காரர் தெரிந்தார். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். ஆரணியிலிருந்து வருகிறவருக்கு அடுத்த மாதம் பெண் கல்யாணமா, நாளைக்கா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், ஒரு கல்யாணச் சேலை பாழாகியிருக்கிறது, அதற்குக் காரணமான பெண்ணின் ஊரும் பேட்டையும் என் நம்பரும் உலகம் முழுக்க ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான்.

இரண்டு மணி சுமாருக்கு, "எடுத்துட்டேன். போதுமா?" என்றாள். என் போனில் தேடிப் பார்த்தேன். அந்தப் பக்கம் காலியாக இருந்தது. எனக்கு நிம்மதி வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அவள் சாப்பிடாமல், தட்டிக்கொண்டே இருந்தாள்.

சட்டைப் பையில் கண்ணாடி

தேவராஜ் வந்தபோது மணி நான்கு. வக்கீல் இல்லை. போலீஸ் இல்லை. மஞ்சள் துணிப்பை ஒன்று, அதற்குள் சேலை. ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் காலையில் இட்ட திருநீறு வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் வீட்டுக்காரர் கை தானாகப் போய்ப் போர்வையை எடுத்துத் தறிமேல் போட்டது. தேவராஜ் பார்த்துவிட்டார்.

"மூடுங்கண்ணா, மூடுங்க," என்று சிரித்தார். "நானும் வீட்ல மூடிட்டுத்தான் வந்தேன்."

தண்ணீர் குடித்தார். சாப்பாட்டுக்கு அழைத்தோம். சின்ன காஞ்சிபுரத்தில் மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டதாகவும், அதனால்தான் தாமதம் என்றும் சொன்னார். "அவரும் தறிக்காரருதாம்மா. நம்ம கட்டத்த அவருக்கும் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டு வர்றேன்."

எனக்கு இருமல் வந்தது. "தப்பா வர்றதயா குடுத்தீங்க?"

"தப்புன்னு சொல்லிட்டுத்தாம்மா குடுத்தேன். சரி பண்ணினதும் வந்து மாத்தித் தர்றேன்னும் சொல்லியிருக்கேன்." பிறகு சுற்றிப் பார்த்தார். "சாப்ட்வேர் எழுதின சாரு எங்க?"

பவித்ரா எழுந்து நின்றாள். இரவு உடையை மாற்றி ஒரு சுடிதார் போட்டிருந்தாள், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள் மாதிரி.

"பாப்பாவா," என்றார். அவ்வளவுதான். பையிலிருந்து சேலையை எடுத்துப் பாயில் விரித்தார்.

அரக்குச் சிவப்பு. முந்தியில் ஜரிகை எழுத்துகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். கண் படிக்கப் போய் வழுக்கியது. தேவராஜ் சட்டைப் பையிலிருந்து வட்டமான ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து எழுத்துகளின் பக்கத்தில் பிடித்தார். அதில் தெளிவாகத் தெரிந்தது. சந்தியா. பிரகாஷ்.

"எங்க தறில முகம் கீழ. நெய்யும்போது இந்தக் கண்ணாடிய அடில புடிச்சி அப்பப்ப பாத்துக்குவோம்," என்றார். "பூ, பட்சி எதுவானாலும் நான் பாக்காம நெய்ய மாட்டேன். இத மட்டும் பாக்கல. ஏன்னா என் பக்கம் நேரா படிக்க வந்திச்சி. பொண்ணு பேரு எழுத்தெழுத்தா வருது. நான் படிச்சிக்கினே நெய்தேன். படிக்க வந்தாலே தப்புன்னு சேலைய அறுத்து எறக்கின பொறவுதான் ஒறைச்சிது."

"சந்தியா என்ன சொன்னாங்க, அங்கிள்?" என்று பவித்ரா கேட்டாள்.

"அது செல்பி கேமராவுல பாத்துட்டு, கரெக்டாத்தாம்பா இருக்குதுன்னு சிரிக்குது. அது சிரிக்கும். சம்பந்தி வீட்ல சிரிப்பாங்களா?"

"ஸாரி அங்கிள். ஒருத்தர் இத முன்னாடியே எனக்குச் சொன்னாரு. நான்தான் அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

நான் அவள் பாதத்தை என் காலால் தட்டினேன். என் அலுவலகத்தில் இப்படி ஒரு வாக்குமூலம் கிடைத்தால் கோப்பை அன்றே மூடிவிடுவோம். தேவராஜ் கண்ணாடியைச் சட்டைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் அடுத்த மாசம், மொத முகூர்த்தம். பாவுல இன்னும் ஒரு சேலைக்கு எழ இருக்குது. இன்னிக்கு இங்கயே காஞ்சிபுரத்துல அட்ட குத்திக்கினு போனா நாளைக்கே ஏத்திடலாம், கல்யாணத்துக்குள்ள எறக்கிடலாம். அதுக்குத்தான் ஓடி வந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வழில போன்ல பாத்தேம்மா. மத்தியானத்துக்கப்பறம் அந்தப் பக்கமே காணோம். பயந்துட்டேன். கம்பெனிய மூடிட்டீங்களோன்னு."

எனக்குக் காபி கலக்க வேண்டிய அவசரம் திடீரென்று வந்தது. சமையலறையில் நின்றுகொண்டு பால் பொங்குவதைப் பார்த்தேன்.

நான் திரும்பி வந்தபோது இருவரும் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தார்கள். காலையிலிருந்து அவள் தட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். முகம் மேலா, கீழா என்று இப்போது முதல் கேள்வியே கேட்கிறது. பெயர்களைப் போட்டு அச்சு எடுத்தாள். தாளில் எழுத்துகள் திரும்பியிருந்தன. தேவராஜ் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார். அவர் தறிமேலிருந்த போர்வை எப்போது விலகியது என்று நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆண்களும் அதன் பக்கத்தில் நின்று, முகம் மேலே வைத்தால் ஜரிகைக்கு நல்லதா, கீழே வைத்தால் நல்லதா என்று மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பவித்ரா என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்த்தாள்.

"போடு," என்றேன்.

"எங்க?"

"எடுத்த எடத்துலயே. அந்தக் குளிர் நாட்டுக்காரர் பேரையும் போடு. வேற எவனாவது அவன் பேரப் போட்டுக்கறதுக்கு முன்னாடி."

அவள் போட்டாள். பெயரையும் போட்டாள். என் நம்பரை மட்டும் எடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேவராஜ் தாளைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, சேலையோடு பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அட்டை குத்துகிறவர் கடையை மூடுவதற்குள் போக வேண்டும்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"அம்மா, எங்க ஊர்ல இன்னும் ஏழெட்டு பேருக்கு இதக் குடுத்திருக்கேன். எல்லாரும் முகம் கீழதான். இது ஓசில வந்ததாச்சே, இதுக்குக் கேரண்டி உண்டாய்யான்னு காலைல கேட்டாங்க. உங்க நம்பரக் குடுத்து, அந்தம்மா இன்சூரன்ஸ் ஆபீஸ்லயே இருக்காங்க, அவங்களே கேரண்டின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."